பத்து வயதுக் கையும் பதினொரு வயதுக் கையும்

அமெரிக்காவில் பத்து வயது வரையுள்ள பிள்ளையின் முறிந்த கைக்கு ஃபைபர்கிளாஸ் கட்டுப் போட்டால், பொருளுக்கென்றே ஒரு பில் குறியீடு எழுதுகிறார்கள். முழங்கைக்குக் கீழே முடியும் கட்டு கியூ4012; முழங்கையைத் தாண்டினால் கியூ4008. பதினொன்று ஆகிவிட்டால் அதே கட்டுகள் பெரியவர் கணக்கில் கியூ4010, கியூ4006. மாவுக்கட்டுக்கு வேறு எண்கள். பொருளை இப்படித் தனியே பிரித்தது நல்ல ஏற்பாடு. முறிவுச் சிகிச்சைக்கான கட்டணத்தில் முதல் கட்டைப் போடும் வேலை அடங்கிவிடுகிறது; பொருளின் விலை அதில் சேர்வதில்லை. ஆகவே, இழுத்துப் பொருத்திய எலும்புக்கு நன்றாகப் படியும் மாவு வேண்டுமா, எடை குறைந்த ஃபைபர்கிளாஸ் போதுமா என்பதை மருத்துவர் செலவுக்கு அஞ்சாமல் முடிவு செய்யலாம்.

கோளாறு வயதுக்கோட்டில் இருக்கிறது. பிள்ளைகளின் கட்டுக்கு அரசுக் காப்பீடான மெடிகேர் வைத்திருக்கும் தொகை பெரியவர்களுக்கானதில் ஏறத்தாழப் பாதி. கைக்குழந்தைக்கு அது பொருந்தும். வாட்டசாட்டமான பத்து வயதுப் பிள்ளைக்கு, மெலிந்த பதினொரு வயதுப் பிள்ளையைவிடக் கூடுதலாகவே கட்டுச் சுருள் செலவாகும். வயதைப் பிறந்த தேதியோடு சரிபார்க்கலாம், சுருளை எண்ணிப் பணம் கொடுத்தால் வீணாகச் சுற்றத் தூண்டும் என்பார்கள். பின்னது உண்மைதான். ஆனால் சுருளை எண்ணத் தேவையில்லை. முன்கையின் நீளத்தை அளந்து குறித்தாலே போதும். மெடிகேர் முதன்மையாக 65 வயது கடந்தவர்களுக்கான காப்பீடு. பிள்ளைகள் அதில் மிக அரிது. அங்கே பெரிதாக உறுத்தாத பிழை, அதே குறியீடுகளைப் பயன்படுத்தும் மற்றக் காப்பீடுகளில் பிள்ளைகள் மீதே விழுகிறது.

பெற்றோரை இதைவிட அதிகம் கலங்கவைப்பது வேறொன்று. மணிக்கட்டருகே ஆர எலும்பு முறிந்து, அதை இழுத்துப் பொருத்தக்கூடத் தேவைப்படாதபோது எழுதப்படும் 25600 என்ற குறியீடு, மருத்துவச் சிகிச்சைகளுக்கான சி.பி.டி. குறியீட்டுத் தொகுப்பில் அறுவைச் சிகிச்சைப் பகுதியில் இருக்கிறது. கத்தியே படாத கைக்குக் காப்பீட்டுக் கடிதத்தில் ‘அறுவைச் சிகிச்சை’ என்று வரக்கூடும். குடும்பம் கட்ட வேண்டிய பங்கும் அதற்கேற்ப மாறலாம். 90 நாள் தொடர்கவனிப்பு அந்த ஒரே கட்டணத்தில் அடங்குவதால் குடும்பத்துக்கு லாபம் என்று வாதிடுவார்கள். வழக்கமான மறுபார்வைகளைப் பொறுத்தவரை அது சரி. எக்ஸ்ரேக்கள் அதில் சேரா. ஃபைபர்கிளாஸ் தண்ணீரைத் தாங்கினாலும் உள்ளே வைத்த பஞ்சு நனைந்தால் கட்டை மாற்றியாக வேண்டும். மறுகட்டுக்கும் அதன் பொருளுக்கும் புதிதாக பில் எழுதலாம். பிள்ளைகள் கட்டை நனைப்பது அன்றாடம் நடப்பது. எது அடக்கம், எது தனி என்பதை முதல் சுருளைப் பிரிக்குமுன்பே பெற்றோரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும்.