‘கலை அரசி’ பி படமா?

சென்ற வாரம் சிராங்கூன் சாலையில் உணவருந்தும்போது இளம் ஆசிரியர் ஒருவர், 1963இல் வெளிவந்த ‘கலை அரசி’யை ஒரு ‘பி’ படம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டார். ஏ. காசிலிங்கம் இயக்கி, எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த படம் அது.

‘பி’ என்பது தரத்தைக் குறிக்கப் பிறந்த சொல்லன்று. 1930களில் அமெரிக்கக் கொட்டகைகளில் ஒரே சீட்டுக்கு இரு படங்கள் காட்டினர். அவற்றுள் துணையாக, சிக்கனமாக எடுக்கப்பட்டதே ‘பி’ படம். (பள்ளியிலும் ‘பி’ வகுப்பு மாணவனை மக்கு என்றுதானே எண்ணிவிடுகிறோம்!) சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கரோடு கூடி 1952இல் எடுத்த ‘காடு’ அவ்வகை எனலாம். எம்.ஜி.ஆர். படத்தைத் துணைப்படமாக யார் ஓட்டினார்கள்?

சரி, தரந்தான் என்ன? அறிவியலில் உயர்ந்த வேற்றுலகத்தார், தம்மிடம் நுண்கலை இல்லையே என்று பூமியின் பாடகியைத் தூக்கிச் செல்கின்றனர். தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் எழுவதற்கு ஏழு திங்கள் முன்பே திரைக்கு வந்த கற்பனை இது! பறக்கும் தட்டு பொம்மையாகத் தெரிகிறது என்றார் நண்பர். தெரியட்டுமே, தெருக்கூத்தில் மரக் கிரீடத்தைப் பொன்னென்று நாம் ஏற்கவில்லையா?

என் குறை வேறு. உருவ ஒற்றுமைக் குழப்பத்துக்கும் கோமாளி வேடத்துக்கும் படம் தாராளமாக நேரம் தருகிறது. இசையறியாத ஓர் உலகம் முதன்முதலாக இசை கேட்டபின் என்ன ஆயிற்று? அதற்கு அவ்வளவு நேரம் தரவில்லை. அங்கேதான் நான் மதிப்பெண் குறைப்பேன்.

நண்பரோ பாடல் காட்சிகளை மட்டுமே பார்த்திருக்கிறாராம்.