இளிவரலும் பச்சை முகமும்

மாலைப்பொழுதிற் கண்டி நகரினின்றும் அம்பிட்டிய நோக்கி வரும் பேருந்தில், பாடசாலை விட்டு வரும் பிள்ளைகள் நெருங்கி நிற்பர். ஒரு கை மேற்கம்பியைப் பற்றியிருக்கும். மறு கையிற் கைத்தொலைபேசி. ஒருநாள் என்னருகே நின்ற இளைஞனொருவன் தன் தோழனுக்கு மறுமொழி விடுத்ததைக் கண்டேன். பிறர் கடிதத்தை எட்டிப் பார்த்தல் குற்றமே. பேருந்தின் நெரிசல் அக்குற்றத்தைச் சிறிது குறைக்கும் என்று நம்புகின்றேன். அவன் விடுத்தது சொல்லன்று. குமட்டலாற் கண் சுருங்கிக் கன்னம் உப்பிப் பச்சை நிறம் படர்ந்த சிறு முகமொன்றை மும்முறை பதித்தான். அவனுடைய சொந்த முகத்திலோ அருவருப்பின் சாயல் சிறிதும் இல்லை. பதித்து முடித்ததும் சாளரத்துக்கு வெளியே பெய்த மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எமோஜி எனப்படும் இவ்வுருக்கள் யப்பானிற் பிறந்தவை. ‘எ’ என்பது அம்மொழியிற் படம். ‘மோஜி’ என்பது எழுத்து. 1999இல் சிகெடாக்கா குரித்தா என்பார் அந்நாட்டுத் தொலைபேசி நிறுவனமொன்றுக்கு 176 உருக்களை வரைந்தளித்தார். 2010 முதல் ஒருங்குறி அவ்வகை உருக்களைத் தன் அட்டவணையுட் பெருந்தொகையாகச் சேர்த்துக்கொண்டது. குமட்டும் பச்சை முகம் அங்கு இடம் பெற்றது 2016இல். வாந்தியெடுக்கும் முகம் அதற்கு அடுத்த ஆண்டில். ஆக, நாம் ஆராயப் புகுவது பத்தாண்டு கண்ட ஒரு குறியையே. இத்தகைய அற்பப் பொருளுக்கு ஆராய்ச்சி ஏன் என்று வினவுவார் உளர். அற்பமாயினும் மெய்ப்பாடு மெய்ப்பாடே. அதற்கு இலக்கணம் வகுத்த மொழி நம்முடையது.

தொல்காப்பியர் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் நந்நான்கு பொருள் பற்றித் தோன்றும் என்றார். அருவருப்பை அவர் இளிவரல் என்பர். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கும் அதன் நிலைக்களன்கள். வடநூலார் நாட்டிய சாத்திரத்திற் பீபற்சம் எனக் கூறும் சுவையும் இதனோடு ஒப்புநோக்கத் தக்கது. எனினும் அழுகலும் புழுவும் குருதியும் நிறைந்த அச்சுவையைவிடத் தொல்காப்பியர் கூறும் நான்கும் மனித வாழ்வுக்கு மிக அணியவை. மூப்பும் பிணியும் எவரை விட்டன?

இனி, நம் இளைஞர் பச்சை முகத்தை எதன்மேல் ஏவுகின்றனர்? நான் கண்ட அளவிற் பெரும்பாலும் தோழமையின்மேல். புத்தாடை அணிந்து ஒருத்தி தன் படத்தை அனுப்புகின்றாள், உயிர்த்தோழி பச்சை முகத்தால் விடையிறுக்கின்றாள், இருவரும் சிரிக்கின்றனர். ஒருவன் காதல் ததும்ப நான்கு வரி எழுதிவிட்டாற் போதும், நண்பர் குழாம் முழுவதும் வாந்தியெடுக்கத் தொடங்கிவிடும். இவற்றில் இளிவரல் எங்கே உளது? இல்லை. இஃது எள்ளல். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் நகையின் நிலைக்களன்கள் என்பது தொல்காப்பியர் கோள். ஆகவே இளிவரலின் வேடம் புனைந்து வந்த நகையே இது எனல் வேண்டும்.

இதனை மொழிச்சீர்கேடு என்று முனிவாரோடு யான் உடன்படேன். தமிழில் ‘சீ’ என்னும் ஓரெழுத்து இவ்வேலையை நெடுங்காலமாகச் செய்து வருகின்றது. மண்ணை வாயிலிட்ட மகவைப் பார்த்துத் தாய் சொல்வதும் ‘சீ’. வாசலில் வந்து நிற்கும் நாயை விரட்டுவதும் ‘சீ’. நாணத்தாற் சிவந்தவள் காதலனை நோக்கி ‘சீ, போ’ என்பதும் அதுவே. எட்டாத பழத்தைப் புளிக்கும் என்ற நரியும் இருமுறை ‘சீ’ என்றே தொடங்கிற்று. இவற்றை வேறுபடுத்துவது யாது? குரலும் முகமும் இடமும்.

பச்சை முகத்துக்குக் குரல் இல்லை. அதனுடைய குறை முழுவதும் இங்கேதான் கிடக்கின்றது. மெய்ப்பாடு என்பது உள்ளத்து நிகழ்ச்சி மெய்யின்கண் தானே புலப்படுதல். மறைக்க முயன்றாலும் வெளிப்படுவது. எமோஜியோ தெரிந்தெடுத்து அனுப்பப்படுவது. பேருந்தில் நின்ற இளைஞனைப் போல, மெய்யிற் படாத மெய்ப்பாட்டை எவரும் எவருக்கும் அனுப்பலாம். நிறமும் துணைசெய்வதில்லை. நோயுற்ற முகம் பச்சையாகும் என்பது மேல்நாட்டார் வழக்கு. கதகளியிற் பச்சை முகம் பூண்டு வருவோர் உத்தம நாயகர். நம் அகப்பாட்டிலோ பிரிவால் வாடிய தலைவியின் மேனியிற் பசலை படரும். பசலையும் பச்சையும் ஒரு வேரிற் கிளைத்த சொற்கள். தமிழறிந்தான் ஒருவன் இக்குறியை முதன்முறை காணின், பாவம், யாரையோ பிரிந்து வாடுகின்றது என்று எண்ணினும் எண்ணுவான்.

செய்யுளியலில் ஆசிரியர் செய்யுள் உறுப்புக்களை எண்ணுமிடத்துக் கூற்று, கேட்போர், களன் என மூன்றை அடுத்தடுத்து வைத்தார். மெய்ப்பாடும் முன்னமும் அவ்வரிசையிலேயே பின் வருவன. தோழி கேட்கத் தலைவி சொன்னது ஒரு பொருள் தரும்; செவிலி கேட்கச் சொன்னது வேறு பொருள் தரும். இன்றைய இளைஞர் செய்தி பரிமாறும் குழுவில் நாற்பதின்மர் உளர். உயிர்த்தோழனும் அங்கே, நேற்று வந்து சேர்ந்தவனும் அங்கே. கூற்று ஒன்று, கேட்போர் நாற்பது வகையினர், களனோ இல்லவே இல்லை.

என்னிடம் தமிழ் பயிலும் மாணவரிடையே நிகழ்ந்த ஒன்றைக் கூறுவேன். தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் பையனொருவன் தன் மதிய உணவைப் படமெடுத்துக் குழுவில் இட்டான்: ரொட்டியும் சம்பலும் ஒரு துண்டு கருவாடும். நகரத்துப் பையனொருவன் பச்சை முகம் மூன்று பதித்தான். சிறிது நேரத்திற் படம் அழிக்கப்பட்டுவிட்டது. பதித்தவனை வினவினேன். “சும்மா, சேர்” என்றான். அவன் பொய் சொல்லவில்லை, முந்திய நாள் தன் நெருங்கிய தோழனுக்கும் அவன் அதையே அனுப்பியிருந்தான், அத்தோழன் சிரித்திருந்தான். படத்தை அழித்தவனை வினவியபோது அவன் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர் அவன் பேசியது படத்தைப் பற்றியன்று. விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டுவிட்டுக் கொழுந்து கொய்யப் போகும் தன் அம்மாவைப் பற்றி.

மெய்ப்பாட்டியலின் நுட்பம் எனக்கு விளங்கியது அன்றே. அழுகைக்கு உரிய நான்கு நிலைக்களன்களுள் தொல்காப்பியர் முதலில் வைத்தது இழவை அன்று, இளிவை. பிறர் இகழத் தான் எளியனாதல் என அதற்கு உரை கூறுப. இழவும் அசைவும் வறுமையும் அதன் பின்னரே வருகின்றன. உற்றார் இறத்தலினும் இகழப்படுதல் முன் நிற்பதேன் என்று மாணவப் பருவத்தில் ஐயுற்றதுண்டு. எண்ணுமுறையன்றி வேறொன்றுமில்லை என்று அக்காலத்து என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஒரே குறி, அனுப்பியவனிடத்து எள்ளல் பற்றிய நகை, வடிவால் இளிவரல், பெற்றவனிடத்து இளிவு பற்றிய அழுகை. மூன்று மெய்ப்பாடுகள் ஒரு சிறு வட்டத்துள் அடங்கிக் கிடக்கின்றன.

அருவருப்பு எப்பொருளின்மேற் செல்கின்றது என்பதைச் சாள்சு டார்வின் 1872இல் வெளியிட்ட உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய நூலிற் காட்டியுள்ளார். தென்னமெரிக்காவின் தென்கோடித் தீவில் அவர் உண்டுகொண்டிருந்த பதனிட்ட இறைச்சியை அந்நாட்டான் ஒருவன் விரலால் தொட்டுப் பார்த்து, அதன் மெதுமை கண்டு அருவருத்தான். ஆடையற்ற அவன் தொட்டதனால் டார்வின் தம் உணவை அருவருத்தார். அவன் கைகள் அழுக்காகத் தோன்றவில்லை என்பதையும் அவரே எழுதி வைத்தார். அந்நாட்டான் அருவருத்தது பொருளை. அறிஞர் அருவருத்தது ஆளை. ரொட்டியின்மேல் விழுந்த பச்சை முகமும் பொருளைத் தாண்டி ஆளிடம் சென்றது. தீண்டாமை என்னும் நோய் நம்மிடையே எவ்வழியாக நடமாடிற்று என்பதை அறிந்தார்க்கு இது புதிதன்று. தண்ணீர்க் குவளையும் உண்கலமும் அதற்கு வாகனமாயின.

சேக்கிழார் பாடிய திருநீலநக்கர் வரலாறு இவ்விடத்து என் நினைவுக்கு வருகின்றது. அயவந்தித் திருக்கோயிலில் நாயனார் பூசை முடித்து ஐந்தெழுத்தை எண்ணியிருக்கையில், மேலிருந்து சிலந்தியொன்று இலிங்கத்தின்மேல் விழுந்தது. அருகே நின்ற மனைவியார், குழவியின்மேற் சிலந்தி விழக் கண்ட தாய் ஊதி உமிழ்வது போல, விரைந்து ஊதி உமிழ்ந்தார். நாயனார் அதனை எச்சிலாகவே கண்டு, “உன்னைத் துறந்தேன்” என்று கூறி வீடு சென்றார். அம்மையார் இரவு முழுதும் கோயிலில் இருந்தார். நாயனார் கனவிற் பெருமான் தம் திருமேனியைக் காட்டினார்: ஊதி உமிழ்ந்த இடம் ஒழியப் பிற இடமெல்லாம் கொப்புளம்.

இதனைப் பத்தியின் பெருமை கூறும் கதை என்றே பெரும்பாலார் படிப்பர். எனக்கு இது குறியைப் பொருள்கொள்ளும் முறை பற்றிய கதையாகவும் தோன்றுகின்றது. நிகழ்ந்தது ஒன்று. செய்தவர்க்கு அது பரிவு. கண்டவர்க்கு அது மாசு. இறைவன் வாதம் ஒன்றும் உரைக்கவில்லை. பட்ட உடம்பை மட்டும் காட்டினார். நாயனாரும் வாதிடவில்லை, விடிந்ததும் சென்று மனைவியாரை அழைத்து வந்தார். பின்னொரு நாள், ஞானசம்பந்தப் பிள்ளையாருடன் வந்த திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர் மனைவியாரும் இரவு தங்க, வேதியராகிய அந்நாயனார் தம் மனையின் நடுவே, வேள்வித் தீ வளர்த்த வேதியின் அருகே இடங் கொடுத்தார். பாணர் குலத்தவர் அருகிருந்த அந்த இரவில் அத்தீ வலஞ்சுழித்து மேலோங்கிற்று என்கிறார் சேக்கிழார்.

வகுப்பில் இக்கதையைக் கூறியபோது, நகரத்துப் பையன் தலை குனிந்திருந்தான் என்று எழுதினால் அது கதைக்கு அழகாயிருக்கும், உண்மை அதுவன்று. அவன் கையுயர்த்தி, “சேர், பெருமாட்டியாருக்கு அன்றிரவு சாப்பாடு யார் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்?” என்று கேட்டான். பெரியபுராணத்தில் அதற்கு விடை இல்லை. கடைசி வாங்கிலிருந்த தோட்டத்துப் பையன்தான் முதலிற் சிரித்தான்.