முதுகுப் பேட்சும் எழுதாத விதிகளும்

அமெரிக்காவில் பைக் குழுக்களைச் சேர்ந்தவர்கள் கையில்லாத தோல் ஜாக்கெட்டோ டெனிம் ஜாக்கெட்டோ அணிந்து, அதன் முதுகில் தங்கள் குழுவின் சின்னத்தைத் தைத்துக்கொள்கிறார்கள். பேட்ச் எனப்படும் இந்தத் துணிச் சின்னம் எத்தனை துண்டாக இருக்கலாம், அதில் மாநிலத்தின் பெயர் வரலாமா, எந்த நிறங்களைத் தொடக் கூடாது, தைப்பதற்கு முன் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதற்கெல்லாம் அங்கே விதிகள் உண்டு. எந்தச் சட்டத்திலும் அவை இல்லை. ஆனாலும் அவற்றை மீறியதற்காக அடிதடி நடந்திருக்கிறது, உயிர்களும் போயிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் சேர்ந்து கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, வழியில் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பும் பத்துப் பேர் தங்களுக்கென்று ஒரு பேட்ச் வேண்டும் என்று ஆசைப்பட்டால், இந்த விதிகள் அவர்கள் மீதும் வந்து விழுகின்றன. இந்த வழக்கத்தில் எது நியாயம், எது அடாவடி என்று பிரித்துப் பார்க்க அப்படிப்பட்ட சிறு குழுதான் சரியான இடம்.

பழைய மரபில் வந்த மோட்டார்சைக்கிள் கிளப்பின் முதுகில் மூன்று துண்டுகள் இருக்கும். தோள்களுக்குக் கீழே வில்லாக வளைந்த மேல் பட்டையில் கிளப்பின் பெயர். நடுவில் மண்டையோடு, சிறகு, குத்துவாள் என்று ஏதாவது ஒரு சின்னம். இடுப்புக்கு மேலே எதிர்ப்பக்கமாக வளைந்த கீழ்ப் பட்டையில் மாநிலத்தின் பெயரோ ஊரின் பெயரோ. வளைந்த பட்டைகளை ராக்கர் என்பார்கள். சின்னத்தின் ஓரத்தில் எம்.சி. என்ற எழுத்துகள் கொண்ட சிறு சதுரம். இவை தனித்தனித் துண்டுகளாக, இடையில் ஜாக்கெட்டின் தோல் தெரியும்படி தைக்கப்பட்டிருக்கும். அதற்குக் காரணம், இவை ஒரே நாளில் கிடைப்பவை அல்ல என்பதுதான். சேர விரும்புகிறவர் முதலில் கூட வந்து பழக வேண்டும். பிறகு பிராஸ்பெக்ட் என்ற நிலையில், பல கிளப்புகளில் கீழ்ப் பட்டை மட்டும் தருவார்கள். மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ வேலை வாங்கிப் பார்த்து, உறுப்பினர்கள் வாக்களித்து ஏற்றுக்கொண்ட பிறகே மற்ற துண்டுகள் கைக்கு வரும். ஒருவர் எந்தக் கிளப், அதில் எந்தப் படியில் நிற்கிறார், எந்த வட்டாரத்தைத் தன்னுடையது என்கிறார் என்ற மூன்றையும் ஜாக்கெட்டின் முதுகே சொல்லிவிடும். பட்டைகளும் சின்னமும் ஒரே துணியில் சேர்த்துப் பின்னப்பட்டிருந்தால், அணிந்திருப்பவர் வேறு வகைக் குழு என்று பார்த்த உடனேயே தெரிந்துவிடும்.

அமெரிக்க மோட்டார்சைக்கிளிஸ்ட் சங்கம் 1924-ல் தொடங்கியது. அதன் அங்கீகாரம் பெற்ற கிளப்புகள் சீருடை அணிந்து ஊர்வலமும் பந்தயமும் நடத்தின. அங்கீகாரம் பெறாதவர்கள் சட்டத்துக்குப் புறம்பானவர்கள் என்ற பொருள்படும் அவுட்லா என்ற பெயரைப் பெற்றார்கள். தொடக்கத்தில் அதற்குக் குற்றவாளி என்ற சாயல் கிடையாது. 1947 ஜூலையில் கலிபோர்னியாவின் ஹாலிஸ்டர் என்ற சிற்றூரில், சுதந்திர தினத்தை ஒட்டிய பந்தயத்துக்கு வந்த கூட்டம் குடித்துக் கலாட்டா செய்தது. லைஃப் இதழ் வெளியிட்ட ஒரு படமும், 1953-ல் மார்லன் பிராண்டோ நடித்து வந்த தி வைல்ட் ஒன் திரைப்படமும் அதை நாடு முழுக்கப் பெரிதாக்கின. பைக் ஓட்டுபவர்களில் 99 சதவீதம் பேர் சட்டத்துக்கு அடங்கியவர்கள் என்று சங்கம் அப்போது சொன்னதாக ஒரு பேச்சு உலவியது. அப்படிச் சொன்னதற்குப் பதிவு எதுவும் இல்லை என்கிறது சங்கம். ஆனாலும் சில கிளப்புகள் மிச்சமுள்ள ஒரு சதவீதம் தாங்கள்தான் என்று வைர வடிவப் பேட்ச் ஒன்றைத் தைத்துக்கொண்டன. 1948-ல் தொடங்கிய ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ், 1966-ல் டெக்சஸில் உருவான பாண்டிடோஸ், 1969-ல் கலிபோர்னியாவில் உருவான மங்கோல்ஸ் ஆகியவை அவற்றில் பெயர் பெற்றவை. மூன்று துண்டுப் பேட்சுக்கு இன்று ஒட்டியிருக்கும் அச்சம் இவர்களிடமிருந்து வந்தது.

இதற்கு வெளியே லட்சக்கணக்கான சாதாரண ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். ஹார்லி-டேவிட்சன் நிறுவனம் 1983-ல் தொடங்கிய ஹார்லி ஓனர்ஸ் குரூப்பில் சந்தா கட்டினால் உறுப்பினர் ஆகிவிடலாம். அதன் கழுகுச் சின்னத்தைப் பார்த்து யாரும் சண்டைக்கு வருவதில்லை. கிறிஸ்தவ ஓட்டுநர்கள், முன்னாள் ராணுவத்தினர், காவல்துறையினர் என்று பலருக்கும் தனித்தனிச் சங்கங்கள் உண்டு. ரைடிங் கிளப் எனப்படும் இத்தகைய குழுக்களுக்கு வழக்கம் விதிப்பது இவ்வளவுதான்: பேட்ச் ஒரே துண்டாக இருக்கட்டும், எம்.சி. சதுரத்துக்குப் பதிலாக ஆர்.சி. என்று போட்டுக்கொள்ளட்டும், கீழே மாநிலத்தின் பெயர் வேண்டாம், அந்த வட்டாரத்தின் பெரிய கிளப் பயன்படுத்தும் நிறச் சேர்க்கை வேண்டாம். சிவப்பு-வெள்ளை ஹெல்ஸ் ஏஞ்சல்ஸுடையது, சிவப்பு-தங்கம் பாண்டிடோஸுடையது, கறுப்பு-வெள்ளை அவுட்லாஸ் கிளப்புடையது என்பது அந்த உலகில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கடைசியாக, தைப்பதற்கு முன் அந்தப் பெரிய கிளப்பைப் பார்த்துப் பேசிவிட வேண்டும்.

இந்த விதிகளில் ஒரு பகுதி உண்மையிலேயே நல்லது. ஐந்தாண்டு உழைத்துப் பெற்ற ஒன்றைப் போலவே இன்னொருவர் கடையில் வாங்கித் தைத்துக்கொண்டால், முதலாமவருடைய உழைப்புக்கு மதிப்பில்லாமல் போகிறது. ராணுவத்தில் பணியாற்றாதவர் பதக்கம் குத்திக்கொள்வது எவ்வளவு தவறோ, பயிற்சிக் காலம் பார்க்காதவர் மூன்று துண்டு அணிவதும் அவ்வளவு தவறு. கிளப் குற்றக்கும்பலா நல்லவர்களின் கூட்டமா என்பதை இந்த நியாயம் பார்ப்பதில்லை; உறுப்பினர் என்ற அடையாளம் பொய்யாகக் கூடாது என்பது மட்டுமே இதன் அடிப்படை. அடுத்தவருடைய ஜாக்கெட்டைக் கேட்காமல் தொடாதே, கழற்றி வைத்திருப்பதை எடுத்துப் போட்டுப் பார்க்காதே, விலகும்போது பேட்சைத் திருப்பிக் கொடு என்பவையும் அதே வகை. பேட்ச் அணிந்து செய்யும் காரியம் குழுவின் பெயரில் சேரும் என்பதால், குடித்துவிட்டு ஓட்டுபவரையும் வழியில் வம்பிழுப்பவரையும் குழுவே அடக்கி வைக்கிறது. புதிய குழு பழைய குழுவிடம் போய், நாங்கள் இன்னார், இந்த ஊரில் ஓட்டப் போகிறோம் என்று சொல்வதிலும் குறை ஒன்றுமில்லை. நேரில் முகம் பார்த்துப் பேசியவர்கள் மேல் சந்தேகம் குறைகிறது. ஒரே சாலையிலும் ஒரே திருவிழாவிலும் ஒரே அறக்கொடை ஊர்வலத்திலும் சந்திக்கப்போகிறவர்களுக்கு அது நல்ல தொடக்கம்.

கீழ்ப் பட்டையில்தான் கோளாறு தொடங்குகிறது. கிளப்பின் பெயரும் சின்னமும் அதை உருவாக்கியவர்களுடையவை; சட்டமும் அதை ஏற்கிறது. சிறகு முளைத்த மண்டையோட்டுச் சின்னத்தைப் பதிவுசெய்து வைத்திருக்கும் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ், அதைப் போன்ற உருவத்தைத் தன் சரக்கில் பயன்படுத்தியதாக அலெக்சாண்டர் மெக்குவீன் ஆடை நிறுவனத்தின் மீது 2010-ல் வழக்குப் போட்டது. தன் சின்னத்தைக் காக்க நீதிமன்றத்துக்குப் போவது எல்லாரும் ஒப்புக்கொள்ளும் வழி. டெக்சஸ் என்ற சொல்லையோ கலிபோர்னியா என்ற சொல்லையோ முதுகில் எழுத இன்னொருவருக்கு உரிமை இல்லை என்று எந்த நீதிமன்றத்திலும் போய்ச் சொல்ல முடியாது. அதனால்தான் அந்த உரிமைகோரலைக் காப்பாற்ற மிரட்டலும் கத்தியும் துப்பாக்கியும் தேவைப்படுகின்றன. கலிபோர்னியா என்று கீழ்ப் பட்டையில் யார் போடலாம் என்பதில் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸுக்கும் மங்கோல்ஸுக்கும் 1970-களில் தொடங்கிய பகை பல ஆண்டுகள் ரத்தம் குடித்தது.

அதன் விலை எவ்வளவு என்பது 2015 மே 17 அன்று டெக்சஸின் வேக்கோ நகரில் தெரிந்தது. ஓட்டுநர்களின் உரிமைகள் குறித்துப் பேச ஓர் உணவகத்தில் பல கிளப்புகள் கூடுவதாக ஏற்பாடு. டெக்சஸ் என்ற கீழ்ப் பட்டையைத் தங்கள் சம்மதமின்றிக் கோசாக்ஸ் கிளப் அணியத் தொடங்கியதில் பாண்டிடோஸுக்கு ஏற்கெனவே கோபம். வண்டி நிறுத்துமிடத்தில் எழுந்த வாக்குவாதம் கைகலப்பாகி, துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். போலீஸ் குண்டு பாய்ந்தவர்களும் அவர்களில் உண்டு. அங்கிருந்த 177 பேரைப் போலீஸ் கைதுசெய்தது; ஒவ்வொருவருக்கும் பத்து லட்சம் டாலர் பிணை விதிக்கப்பட்டது. மோதலுக்குச் சம்பந்தமில்லாத சிறு கிளப்புகளிலிருந்து கூட்டத்துக்கு வந்தவர்களும் சிக்கினார்கள். ஒரே ஒரு வழக்குதான் விசாரணைக்கு வந்தது, அதிலும் தீர்ப்பு எட்டப்படவில்லை. 2019-க்குள் எல்லா வழக்குகளையும் அரசுத் தரப்பு கைவிட்டது. பேட்ச் வழக்கத்தின் குறையும் போலீஸ் அதைப் பார்க்கும் பார்வையின் குறையும் ஒரே இடத்தில் அம்பலமான நாள் அது. ஜாக்கெட்டைப் பார்த்தே ஆளை முடிவு செய்யும் பழக்கம் இரு தரப்பிலும் இருந்தது.

அரசு பேட்சையே பறிக்கப் பார்த்ததும் உண்டு. மங்கோல்ஸ் மீதான வழக்கில், பதிவுசெய்த அவர்களுடைய சின்னத்தைப் பறிமுதல் செய்ய அமெரிக்க அரசு பத்தாண்டுக்கும் மேலாக முயன்றது. ஜூரி 2019 தொடக்கத்தில் அதற்கு ஒப்புக்கொண்டும், பேச்சுரிமையைக் காரணம் காட்டி நீதிபதி மறுத்துவிட்டார். 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பறிமுதலுக்கு இடம்தரவில்லை. இத்தனை கெட்ட பெயர் வாங்கிய கிளப்புக்கே சின்னம் அணியும் உரிமை உண்டு என்றால், பத்துப் பேர் கொண்ட ஞாயிறு குழுவுக்கு அது இல்லை என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் கிடையாது. நியூசிலாந்து வேறு வழியில் போய், பட்டியலிட்ட கும்பல்களின் சின்னங்களைப் பொது இடங்களில் அணிய 2024 நவம்பர் முதல் தடை விதித்திருக்கிறது.

இந்த வழக்கத்தின் இன்னொரு குறை, விதிகள் யாரிடம் இருக்கின்றன என்பதே தெரியாததுதான். எழுதி வைத்தது எதுவும் இல்லை. ஓர் ஊரில் ஆர்.சி. என்று போட்டால் போதும் என்பார்கள். பக்கத்து ஊரில் அதற்கும் சம்மதம் வேண்டும் என்பார்கள். பெரிய கிளப் கைமாறினால் விதியும் மாறும். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டவர் சொல்ல, பயம் விதியைவிடப் பெரிதாக வளர்கிறது. அனுமதி கேட்டுப் போகிறவர்கள் அதோடு நிறுத்திக்கொள்ள முடிவதும் அரிது. எங்கள் பக்கம் என்று காட்டும் ஆதரவு பேட்ச் போடு, எங்கள் விழாவுக்கு ஆள் அனுப்பு, நன்கொடை டிக்கெட் வாங்கு என்று கடமைகள் பின்னால் வரலாம். ஒருமுறை அனுமதி கேட்டுவிட்டால், அனுமதி தரும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டதாகவே ஆகிறது. சொல்லிவிட்டு வருவதற்கும் கேட்டுவிட்டு வருவதற்கும் இருக்கும் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலான சிறு குழுக்கள் கவனிப்பதில்லை. அதற்கான விலை பிறகு அவர்கள் தலையில் விழுகிறது.

மரபு என்ற பெயரில் பழைய பாகுபாடுகளும் கூடவே வருகின்றன. பெயர் பெற்ற கிளப்புகள் பலவும் நெடுங்காலம் வெள்ளையர்களுக்கு மட்டுமே கதவைத் திறந்தன. கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் 1959-ல் ஈஸ்ட் பே டிராகன்ஸ் என்ற கறுப்பினத்தவரின் கிளப் உருவான காலம் அதுதான். பெண்கள் பல கிளப்புகளில் உறுப்பினர் ஆக முடியாது. இன்னாருக்குச் சொந்தம் என்று எழுதிய பேட்சை அணிந்து பின்சீட்டில் உட்காரலாம், அவ்வளவே. பெண் ஓட்டுநர்களின் மோட்டார் மெய்ட்ஸ் அமைப்பு 1940-லேயே தொடங்கிவிட்டது என்பதை நினைத்தால், இந்த ஒதுக்கலுக்கு அறியாமை என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. மரபுக்கு மரியாதை என்று சொல்லி ஒரு சிறு குழு மொத்த விதிகளையும் அப்படியே எடுத்துக்கொண்டால், இதையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது.

இந்தியாவிலும் புல்லட் குழுக்கள் பேட்ச் தைத்த ஜாக்கெட் அணிகின்றன. சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுமுறை நாள் காலைகளில் அதைப் பார்க்கலாம். சன்ஸ் ஆஃப் அனார்க்கி போன்ற தொலைக்காட்சித் தொடர்கள் வழியாக அந்தத் தோற்றம் பலருக்கு அறிமுகமானது. அதன் பின்னால் இருக்கும் வட்டாரச் சண்டை இங்கே வேர்விடவில்லை, விடவும் வேண்டாம்.

அமெரிக்காவில் இருக்கும் ஒரு சிறு குழுவுக்கு இதிலிருந்து கிடைக்கும் வழி கடினமானதல்ல. பேட்ச் ஒரே துண்டாக, தங்கள் சொந்தப் பெயரோடும் சொந்த உருவத்தோடும் இருக்கட்டும். மாநிலப் பெயர் போடும் உரிமை இருந்தாலும் போடாமல் விடலாம். அந்தப் பட்டைக்காக ரத்தம் சிந்தியவர்கள் நடுவே, ஞாயிறு சவாரிக்கு அது தரும் பயன் எதுவும் இல்லை. அந்த வட்டார கிளப்பிடம் போய் அறிமுகம் செய்துகொள்ளலாம். அனுமதிச் சீட்டு வாங்கக் கூடாது. ஆதரவு பேட்ச் கேட்டால் மரியாதையாக மறுத்துவிடுவதே நல்லது. மிரட்டினால் ஜாக்கெட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டலாம், போலீஸிலும் சொல்லலாம். பழைய ஜாக்கெட் வாங்கினால் அதில் இருக்கும் வேறு கிளப்பின் பேட்சைப் பிரித்து எடுத்த பிறகே அணிய வேண்டும்.

பெரிய கிளப்புகளிடமிருந்து சிறு குழுக்கள் எடுத்துக்கொள்ளத் தவறும் விதி ஒன்றும் உண்டு. குழுவை விட்டு விலகுபவரின் பேட்ச் யாருக்கு, குழு கலைந்தால் அந்தப் பெயரும் உருவமும் யாருக்கு, இறந்த உறுப்பினரின் ஜாக்கெட் குடும்பத்துக்கா குழுவுக்கா என்பவற்றை முறைசாராக் குழுக்கள் பேசி வைப்பதில்லை. நண்பர்களுக்குள் மனக்கசப்பு வந்த பிறகு இதைத் தீர்ப்பது கஷ்டம். பின்னலுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே, ஒரு தாளில் நான்கு வரி எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் போதும்.