ஜாடியில் கேட்ட கேள்வி

மண்பானைன்னதும் எனக்கு ஞாபகம் வருவது, பேஷ்வா ஆட்சியில் பூனாவில் நம் சனங்களின் கழுத்தில் தொங்கிய எச்சில் பானைதான். அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ (1936) நூலில் அதைச் சொல்கிறார். எச்சில் விழுந்தால் தெரு தீட்டாயிடும்னு கட்டிவிட்ட பானை அது.

அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில் டேவிட் டிரேக் என்ற கருப்பின அடிமை, அதே மண்ணை எதிர்ப்பாக்கினார். எட்ஜ்ஃபீல்டு வட்டாரத்தில் ஜாடி வனைந்தவர். அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லித்தருவது குற்றம் என்று 1834இல் அங்கே சட்டம் போட்டார்கள். அவரோ சுடாத ஈரமண்ணில் ‘டேவ்’ என்ற பெயரையும் தேதியையும் ஈரடிப் பாட்டுகளையும் கீறிவைத்தார். 1857இல் செய்த ஒரு ஜாடியில், தன் சொந்தபந்தமெல்லாம் எங்கேன்னு கேட்கிறார். ஆண்டைகள் பிரித்து விற்ற குடும்பங்களின் கேள்வி அது. பண்ணைகளில் கறியை உப்புப்போட்டு வைக்கிற ஜாடியிலேயே அதைக் கேட்டார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

இதை ‘நாட்டார் கைவினை’ன்னு ஒதுக்கி, மெருகையும் வளைவையும் மட்டும் பேசுகிற அழகியலை நான் ஏற்கமாட்டேன். இது மண்ணில் எழுதிய தன்வரலாறு.

2021இல் அவருடைய ஜாடி ஒன்று 15 லட்சம் டாலருக்குமேல் ஏலம் போனது. செய்தவரே விலைக்கு விற்கப்பட்டவர். 2025இல்தான் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் இரண்டு ஜாடிகளின் உரிமையை அவருடைய வாரிசுகளுக்குக் கொடுத்தது.

அவர் தேடிய சொந்தம் ஜாடிக்கிட்ட வந்துசேர 168 வருஷம் ஆகியிருக்கு.