எண்ணித் திருப்பினால் வழிக்கு வரும் ஃபோர்க்: காவலூர் மண்பாதையில் கேடிஎம் 390 அட்வென்ச்சர்

ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கு ஏறும் தார்ச்சாலையில் எல்லா பைக்கும் நல்ல பைக்தான். வைணு பாப்பு வானாய்வகத்தைத் தாண்டி, ஜமுனாமரத்தூர் சாலையிலிருந்து சிற்றூர்களுக்குப் பிரியும் மண்பாதையில் இறங்கினால்தான் முன் ஃபோர்க்கின் வண்டவாளம் தெரியும். செம்மண்ணில் பாதி புதைந்த கற்கள், மழைநீர் குறுக்கே அறுத்துவிட்ட பள்ளம், வளைவில் உருளும் சரளை. சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் வேண்டாம்.

2025 தொடக்கத்தில் வந்த 390 அட்வென்ச்சரில் இருப்பது டபிள்யூபி அபெக்ஸ் தலைகீழ் ஃபோர்க். 43 மி.மீ. விட்டம், 200 மி.மீ. ஏற்ற இறக்கம், முன்னால் 21 அங்குல ஸ்போக் சக்கரம். ஃபோர்க்கின் இடது கால் கம்ப்ரஷனைக் கவனிக்கிறது. குழியில் சக்கரம் மேலே தள்ளப்படும் வேகத்தை அடக்குவது அது. வலது கால் ரீபவுண்ட். அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி எழும் வேகத்துக்குக் கடிவாளம். இரண்டுக்கும் தனித்தனித் திருகு, முப்பது முப்பது கிளிக். அதே 43 மி.மீ., அதே 200 மி.மீ. கொண்ட ஹிமாலயன் 450-இன் முன் ஃபோர்க்கில் இப்படித் திருப்ப எதுவும் இல்லை.

திருகில் கைவைக்கும் முன் இரண்டு வேலை. முதலில் டயர் காற்று. அது தப்பாக இருந்தால் எந்த கிளிக்கும் உதவாது. அடுத்தது, நம் எடைக்கு ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறது என்று அளப்பது. கீழே பளபளக்கும் குழாயில் ஒரு பிளாஸ்டிக் டையைக் கட்டி, ஆயில் சீலை ஒட்டி மேலே தள்ளிவிட்டேன். நண்பர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, ஹெல்மெட், பூட்ஸ், முதுகுப்பை சகிதம் மெதுவாக ஏறி உட்கார்ந்து, மெதுவாக இறங்கினேன். பிறகு முன்சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கி, சீலுக்கும் டைக்கும் நடுவே ஸ்கேலை வைத்தோம். 200 மி.மீ.யில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள், அதாவது 50-லிருந்து 65 மி.மீ.க்குள் இருந்தால் போதும். எனக்கு அதற்குள் வந்தது. வராதவர்களுக்கு ஒரு சங்கடம்: முன்னால் பிரீலோடு திருகு கிடையாது. ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டியிருக்கும்.

பிறகு இரண்டு திருகுகளையும் முழுக்க மூடி, எத்தனை கிளிக் ஆனது என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். கம்பெனி வைத்த அளவு கைவசம் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் வீடு திரும்பலாம்.

சுமார் 300 மீட்டர் பாதை ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அதே வேகத்தில் திரும்பத் திரும்ப ஓட்டினேன். கம்ப்ரஷனை நான்கு கிளிக் இளக்கியதும் சிறு கற்கள் கைக்குத் தெரியாமலே போயின. சந்தோஷம் நீர்ப்பள்ளம் வரைதான். ஃபோர்க் அடிவரை இறங்கி ‘டங்’ என்றது. டை குழாயின் கடைசியில் போய் நின்றது. பழி என் ஆசையின் மேல். இரண்டு கிளிக் இறுக்கியதும் அதே பள்ளத்தில் விரல்கடை அளவு மிச்சம் இருந்தது.

ரீபவுண்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வரிசையாகக் கற்கள் வரும் இடத்தில் வண்டி போகப் போக இறுகி, மணிக்கட்டு வலித்தது. கம்ப்ரஷனை இன்னும் இளக்கலாமா என்றுதான் கை போகும். ஆனால் கோளாறு அங்கில்லை. ஒரு கல்லில் அமுங்கிய ஃபோர்க் எழுவதற்குள் அடுத்த கல் வந்துவிடுகிறது. மூன்று நான்கு கற்களுக்குப் பின் அமுங்க இடமே இல்லை. ரீபவுண்டை மூன்று கிளிக் திறந்ததும் சரியாயிற்று. இன்னும் திறந்து பார்த்தேன். முன்சக்கரம் பந்துபோலத் துள்ளி வளைவில் வழி விலகியது. ஒரு கிளிக் பின்வாங்கினேன்.

திரும்பி மலையிறங்கும்போது, பிரேக் பிடித்தால் முன்பக்கம் முங்கியது. கம்ப்ரஷனை நான்கு கிளிக் இறுக்கியதும் அடங்கியது. மண்ணுக்கு ஒரு கணக்கு, தாருக்கு ஒரு கணக்கு.

அறிமுக விலை 3.68 லட்சம் ரூபாய். திருகுகளும் 21 அங்குலச் சக்கரமும் இல்லாத எக்ஸ் ரகம் அப்போது 2.91 லட்சம். தார்ச்சாலையே கதி என்றால் எக்ஸ் போதும். மண்ணில் இறங்குபவருக்கு அந்த 77,000 ரூபாய் வித்தியாசம் வீண் செலவல்ல, திருகைத் தொடும் எண்ணம் இருந்தால். ஒரு நேரத்தில் ஒரே திருகு, இரண்டு இரண்டு கிளிக்காக, ஒவ்வொன்றையும் எழுதிவைத்து. வீடு வந்ததும் ஃபோர்க் குழாயில் காய்ந்த செம்மண்ணை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். ஆயில் சீலை அறுப்பது அதுதான்.