ராக்கெட்டின் முதுகில் ஏறிப் பாருங்கள்

ராக்கெட் கிளம்புவதைத் தரையில் நின்று படம் பிடித்தால் என்ன கிடைக்கும்? நெருப்பு, புகை, கைதட்டல், கடைசியில் வானத்தில் ஒரு புள்ளி. அதே ராக்கெட்டின் உடம்பில் பொருத்திய கேமரா காட்டுவதைப் பாருங்கள்! ஏவுதளம் கீழே சரிந்து போகும். கடற்கரை ஒரு கோடாகும். நீலவானம் பட்டப்பகலிலேயே கறுக்கும். அடடா! பத்தாங் காலியில் இந்தக் காணொளிகளை என்னிடம் மாட்டிக்கொண்டு பார்க்காத ஆள் குறைவு. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம்கூட கைப்பேசியை நீட்டியிருக்கிறேன்.

எல்லாருக்கும் முதலில் காட்டுவது இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. சி-37. 2017 பிப்ரவரி 15, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரே ராக்கெட்டில் 104 செயற்கைக்கோள்கள். பத்திரிகைகள் அந்த எண்ணைக் கொண்டாடின. நான் கொண்டாடியது ராக்கெட்டிலிருந்த கேமரா எடுத்த படத்தை. 714 கிலோ எடையுள்ள கார்ட்டோசாட் மெல்ல விலகிப் போகிறது, பின்னால் நீலமும் வெள்ளையுமாகப் பூமி. பிறகு பெட்டிகளின் மூடி திறக்க, குட்டிக் கோள்கள் சட்டியிலிருந்து தெறிக்கும் பொரி மாதிரி வெளியே துள்ளுகின்றன. எல்லாம் மணிக்கு 27,000 கிலோமீட்டர் வேகத்தில்! ஆனால் ராக்கெட்டும் அதே வேகத்தில் ஓடுவதால், ஸ்பிரிங் கொடுக்கிற சின்னத் தள்ளு மட்டும்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த நிதானத்தில்தான் எனக்குப் புல்லரிக்கும்.

தோட்டத்தில் பால்மரம் வெட்டி எங்களை வளர்த்த அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “இதுல நம்ம மலேசியாவோடது எதுப்பா?”

நூற்று நான்கில் ஒன்றுகூட இல்லை. நம்முடைய ரசாக்சாட் செயற்கைக்கோள் வேறு வழியில் போனது. 2009 ஜூலை 14, பசிபிக் கடலில் ஓமெலெக் என்ற துளித் தீவு, ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 1. அந்தச் சின்ன ராக்கெட்டின் கடைசிப் பயணமும் அதுதான். அதற்கு முந்தைய பயணத்தின் காணொளியைத் தேடிப் பாருங்கள். மேலடுக்கின் இன்ஜின் குழாய் கொதித்துச் செக்கச் செவேலென்று ஒளிர்கிறது. பழுக்கக் காய்ந்த இரும்பைப் பட்டறையில் பார்த்திருக்கலாம். விண்வெளி இருட்டில் பார்ப்பது வேறு.

அதே நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் ராக்கெட்டின் நான்காம் சோதனை, 2024 ஜூன் 6. நமக்கு இரவு 8.50. மாமாக் கடையில் தே தாரிக் ஆறிக்கொண்டிருந்தது. என் கைப்பேசியைச் சுற்றி ஒரு கூட்டம். மேலே போனதெல்லாம் போகட்டும், அதன் சுவை இறங்கும்போதுதான். காற்று மண்டலத்தில் நுழைந்ததும் அதன் மேலடுக்கான விண்கப்பலைச் சுற்றி இளஞ்சிவப்பும் ஊதாவுமாக அனல். பழைய விண்கலங்கள் பலவற்றில் இந்த இடத்தில் தொடர்பு அறுந்துவிடும். இது பெரிய கப்பல், அதன் முதுகுப் பக்கம் அனல் மூடுவதில்லை. அந்த வழியாக மேலே ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களுக்குப் படம் போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று சிறகின் ஓரத்தில் பொறி பறந்தது. ஓட்டை விழுந்தது. உருகிய துணுக்குகள் வந்து மோதிக் கேமராவின் கண்ணாடியே விரிசல் விட்டது. “முடிஞ்சிருச்சுலா!” என்றார் ஒரு அங்கிள். அப்போதுதான், பாதி எரிந்துபோன அந்தச் சிறகு அசைந்தது! கடையே கத்தியது. பூப்பந்து பார்க்க வந்தவர்களும் எழுந்து வந்துவிட்டார்கள். கிளம்பி ஒரு மணி நேரத்துக்குமேல் ஆன பிறகு கப்பல் நிமிர்ந்து, இந்தியப் பெருங்கடலில் மெதுவாக இறங்கியது. எந்தச் சினிமா இயக்குநருக்கு இந்தத் துணிச்சல் வரும்?

“எல்லாம் கிராஃபிக்ஸ்” என்பவர் எந்தக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். அவரிடம் நான் சண்டை போடுவதில்லை. ஏனென்றால் 2023 ஆகஸ்ட் 23 அன்று அவர் சொல்வதில் பாதி உண்மை. விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது, நேரலையில் நாம் கண்கலங்கிப் பார்த்தது வரைகலையும் எண்களும்தான். இறங்குகலத்தின் கேமரா எடுத்த நிஜக் காணொளி மறுநாள் வந்தது. பள்ளங்கள் விரிந்துகொண்டே வருகின்றன, தரை நெருங்குகிறது. முதல் நாள் அழுகை அழுகையே அல்ல என்று அப்போது தோன்றியது.

இன்னொன்று, இந்தப் படங்களில் பூமி வளைந்து தெரிவதில் கொஞ்சம் அகலக்கோண லென்ஸின் வேலையும் உண்டு. அதற்காக ரசனை குறையவா போகிறது?

பார்ப்பதென்றால் சி-37-இலிருந்து தொடங்குங்கள். விளக்கை அணையுங்கள், பெரிய திரையில் போடுங்கள், வர்ணனை இருந்தால் ஒலியை நிறுத்துங்கள். திரை இல்லாதவர்கள் என் வீட்டுக்கு வரலாம். ஒலியை நிறுத்திவிடுவேன்; என் வாயை நிறுத்துவதுதான் சிரமம்.