ஒரு முகமும் ஒற்றைக் கண்ணும்

ஒட்டு இமையைப் பற்றி நம் பக்கங்களில் என்ன பேச்சு என்று தோழர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். சுடுகாட்டுப் பாதைக்கே போராடிக்கிட்டு இருக்கிற சனத்துக்கு ஃபேஷன் போட்டோ ஒரு கேடா என்றும் கேட்கலாம். கேட்கட்டும். நிறத்தையும் மூக்கையும் முடியையும் பார்த்து ஒருத்தி எந்தத் தெரு என்று தீர்மானிக்கிற ஊரில் வாழ்கிறோம். முகத்தைத் தயாரிக்கிற தொழிலை வாசிக்காமல் விடுவது நமக்குக் கட்டுப்படியாகாது.

நான் வாசிக்க எடுத்துக்கொண்டது ஓர் அட்டைப்படம். பிரிட்டிஷ் 'வோக்' இதழ், 1966 மார்ச். எடுத்தவர் டேவிட் பெய்லி. படத்தில் இருப்பவர் டோன்யேல் லூனா. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1945இல் பெக்கி ஆன் ஃப்ரீமேன் என்ற பெயரில் பிறந்தவர். வோக் இதழின் எந்த நாட்டுப் பதிப்பானாலும், அட்டையில் வந்த முதல் கறுப்பினப் பெண் இவர்தான். ஆனால் அட்டையில் அவர் முகம் இல்லை. விரல்களைக் கவட்டை போல விரித்து முகத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார். மூக்கும் உதடும் கைக்குப் பின்னால் மறைகின்றன. விரல்களின் இடைவெளியில் மை தீட்டிய ஒற்றைக் கண் நம்மைப் பார்க்கிறது.

முதலில் அந்த மாதிரிக் கண்ணைக் கைவேலையாகப் பார்ப்போம். படப்பிடிப்புக்கு ஒட்டுகிற இமையைப் பார்லரில் ஐலாஷ் என்பார்கள். மெல்லிய நூல் பட்டையில் ஒவ்வொரு முடியாக முடிச்சுப் போட்டு, குச்சியில் சுருட்டிச் சூடேற்றி வளைவு கொடுத்துச் செய்யும் சாமான் அது. அதை அப்படியே எடுத்து ஒட்டிவிட முடியாது. ஒப்பனைக்காரர் அந்தப் பெண்ணின் கண் அகலத்துக்கு அளந்து, நீளம் அதிகமானால் வெளி ஓரத்தில் வெட்டுவார். நடுவில் நீள முடி வைத்தால் கண் உருண்டையாகத் தெரியும். கடைக்கண் பக்கம் நீளம் வைத்தால் கண் இழுபட்டு நீளும். முடி நுனி எல்லாம் ஒரே மட்டமாக இருந்தால் பொய் தெரிந்துவிடும் என்று அங்கங்கே கத்தரியால் கொத்திவிடுவார். பட்டையை விரலில் சுற்றி வளைத்து இளக்குவார். பசையைத் தடவி, அது பாதி காய்ந்து பிசுபிசுப்பாகும்வரை பொறுப்பார். பிறகு இடுக்கியால் பிடித்து, சொந்த இமைமுடியின் வேரை ஒட்டி உட்கார வைப்பார். முதலில் பெயர்வது இரண்டு ஓரமும்தான் என்பதால் அங்கே கூடுதலாக அழுத்துவார். பட்டை தெரியாமல் மேலே ஒரு மைக்கோடு இழுத்தால் வேலை முடிந்தது.

விளக்கு வேறு ஒரு கணக்கு. மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் நீண்ட இமையின் நிழல் கண்ணுக்குள்ளேயே விழுந்து கண்ணை அடைத்துவிடும். விழியில் விளக்கு ஒரு வெள்ளைப் புள்ளியாக மின்ன வேண்டும். அது இல்லாவிட்டால் படத்தில் கண் செத்துப்போகும். அதனால் இமையை மேல்நோக்கி வளைப்பார்கள். முழு உருவப் படத்துக்கு அடர்ந்த பட்டை தாங்கும். முகத்தை நெருங்கி எடுக்கும்போது பட்டையை நறுக்கி, இரண்டு மூன்று முடியாக நட வேண்டும். லூனாவின் அட்டையில் உள்ளது சொந்த இமையா, ஒட்டியதா என்று நம்மைப் போன்றவர்கள் பார்த்துச் சொல்ல முடியாது. செய்த கை தெரியக்கூடாது என்பதுதான் இந்தத் தொழிலின் விதி.

இந்த விதிக்கு ஒரு விலக்கும் அதே நாட்களில் நடந்தது. 1966 பிப்ரவரியில் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' செய்தித்தாள் ட்விக்கி என்ற பதினாறு வயது லண்டன் பெண்ணை அந்த ஆண்டின் முகம் என்று அறிவித்தது. தச்சுத் தொழிலாளியின் மகள். மேல் இமையில் அடுக்கடுக்காகப் பொய் முடி, கீழ் இமையில் குச்சி குச்சியாக வரைந்த கோடுகள். பொம்மைக் கண் மாதிரி. செய்தது செய்ததாகவே தெரிந்தது. அதையும் உலகம் கொண்டாடியது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெள்ளைத் தொழிலாளி வீட்டுப் பெண்ணின் முகம் ஓர் ஆண்டுக்கே முகமாகிறது. சில நாள் கழித்து வந்த கறுப்பினப் பெண்ணுக்கு ஒரு கண் அளவு இடம் கிடைக்கிறது. ட்விக்கியின் பொய் இமை ஒளியத் தேவையில்லை. லூனாவின் நிஜ மூக்கு ஒளிய வேண்டியிருக்கிறது.

இதற்கு வேறு வாசிப்புகள் உண்டு. பிக்காசோவின் ஓவியக் கண்ணைப் போல அமைத்த நிலை அது என்பார்கள். இருக்கலாம். கலைக்காரணமும் நிறவெறியும் ஒரே படத்தில் ஒன்றாகக் குடியிருக்க முடியாதா என்ன? அதற்கு முன் நடந்ததைப் பாருங்கள். 1965 ஜனவரியில் அமெரிக்காவின் 'ஹார்ப்பர்ஸ் பஜார்' லூனாவை அட்டையில் போட்டது. புகைப்படமாகப் போடவில்லை, ஓவியமாகப் போட்டது; தோலின் நிறம் அதில் வெளுத்துப்போயிருந்தது. அதே ஆண்டு ரிச்சர்ட் அவெடன் எடுத்த லூனாவின் படங்கள் உள்ளே வந்ததும், தென் மாநில விளம்பரதாரர்கள் கொதித்தார்கள். இந்த வரிசையில் மூன்றாவதாக வருகிறது அந்தக் கை. யார் என்ன நினைத்து வைத்தாலும், அது மறைத்தது சந்தைக்கு வசதியானதைத்தான்.

தமிழ் எம்.ஏ. படித்தபோது கேசாதி பாதம் என்று மனப்பாடம் செய்தோம். தலைமுடியில் தொடங்கிப் பாதம்வரை ஒருத்தியைத் துண்டு துண்டாகப் புகழ்வது. கண்ணுக்கு ஒரு உவமை, பல்லுக்கு ஒரு உவமை. எல்லா உறுப்பும் வந்துவிடும், ஆள் மட்டும் வராது. புகைப்படக்காரன் சட்டகத்தால் வெட்டுகிறான், புலவன் உவமையால் வெட்டினான். வாசிப்பவர் கேட்க வேண்டிய கேள்வி இரண்டுக்கும் ஒன்றுதான்: வெட்டிப் போட்ட மிச்சம் எங்கே?

எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு விடுதிப் பிள்ளைகள் வருவார்கள். இந்தப் படத்தை ஒருநாள் காட்டினேன். அழகா இருக்கு என்றார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் கேட்டாள்: "ஏங்க்கா, மூக்கக் காட்டுனா எந்தத் தெருன்னு தெரிஞ்சிடும்னு மறைச்சிட்டாங்களோ?" இன்னொருத்தி சொன்னாள்: "நாங்க காலேஜ்ல பஸ் ஸ்டாப் பேரச் சொல்லுவோம்க்கா. தெருப் பேரச் சொல்ல மாட்டோம்." யாரும் சிரிக்கவில்லை. லூனாவும் தன் பிறப்பைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லி வந்தவர் என்று அவர்களிடம் சொன்னேன். அதற்காக அவரைக் குற்றம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் சொல்லவில்லை. முகவரியை மறைப்பது எதற்கென்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மறைந்தது ஒரு முகம் மட்டுமா? அந்தக் காலத்து ஒட்டு இமையில் மனித முடியும் உண்டு. அது யாருடையது? தலையில் இருந்தால் கூந்தல், சோற்றில் விழுந்தால் மயிர் என்று முடிக்கே மேல் கீழ் பிரித்தவர்கள் நாம். பழனியிலும் திருப்பதியிலும் இறக்கிய முடி ஏலத்தில் போய்க் கடல் தாண்டிச் சவுரியாவதும் நமக்குப் புதிதல்ல. 1965இல் அமெரிக்கா, கம்யூனிஸ்ட் சீனத்து முடியை இறக்குமதி செய்யத் தடை போட்டது. அந்த இடத்தைத் தென்கொரியா பிடித்தது. கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் சவுரியும் ஒட்டு இமையும் செய்து ஏற்றுமதிக்கு அனுப்பினார்கள். லூனாவின் அட்டை வந்த அதே 1966இல் தொடங்கியது சியோலின் ஒய்.எச். சவுரிக் கம்பெனி. 1979இல் அதை மூடியபோது, பெண் தொழிலாளர்கள் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 11 விடியுமுன் போலீஸ் புகுந்து அடித்து இழுத்தது. கிம் கியோங்-சுக் என்ற தொழிலாளி செத்துப்போனார். அந்தக் கொந்தளிப்பு பரவி, அக்டோபரில் ஜனாதிபதி பார்க் சுங்-ஹீ சுடப்பட்டது வரை போனது. அதே 1979 மே மாதம் லூனா ரோமில் இறந்திருந்தார். வயது 33. அந்த இரண்டு பெண்களுக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது.

இன்றைய ஒட்டு இமையில் பெரும்பகுதி பிளாஸ்டிக் இழை. சீனாவின் ஷான்டோங் மாகாணத்துப் பிங்டு நகரம் இதற்குப் பேர்போனது. அங்கிருந்து வேலை வடகொரியாவுக்கும் போகிறது. 2023இல் வடகொரியா சீனாவுக்கு அனுப்பிய சவுரி, ஒட்டு இமை, பொய்த் தாடி எல்லாம் சேர்த்து 1,680 டன். மதிப்பு சுமார் 16.7 கோடி டாலர். சீனாவுக்கு அது அனுப்பியதாகக் கணக்கில் வந்த சரக்கில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு இதுதான். முடிச்சுப் போடுகிற விரலும், குனிந்து பார்த்துப் பார்த்துத் தேய்கிற கண்ணும் எந்தப் படத்திலும் வராது.

இமை ஒட்டிக்கொள்ளாதே என்று எந்தப் பெண்ணிடமும் நான் சொல்லப்போவதில்லை. நம்ம பிள்ளைகள் பார்லர் வேலை கற்றுக்கொண்டு கல்யாண மண்டபங்களில் மணப்பெண்ணுக்கு இமை ஒட்டிக் கூலி வாங்குகிறார்கள். அந்தக் கைத்திறன் மேல் எனக்கு மரியாதை உண்டு. நான் கேட்பது விமர்சகர்களிடம். அழகியல் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். சட்டகத்துக்குள் இருப்பதை மட்டும் எழுதினால் அது வெட்டியவனுக்குச் செய்கிற ஒத்தாசை. அந்தக் கண்ணை எழுதும்போது கைக்குப் பின்னால் இருக்கிற மூக்கையும் எழுதுங்கள். ஒவ்வொரு முடியாக முடிச்சுப் போட்டவளையும் எழுதுங்கள். நீங்கள் எழுதாவிட்டால், தெருப் பேரைச் சொல்லாமல் வந்து உட்கார்ந்த அந்தப் பிள்ளைகள் எழுதுவார்கள். எழுதத் தொடங்கிவிட்டார்கள்.